அபராதமா, பிணையா? கஞ்சாச் சட்டத் திருத்தம் பற்றி ஒரு திறனாய்வு

கஞ்சாவைச் சிறிதளவு கைவசம் வைத்திருப்போரைக் கைது செய்து சிறைக்கு அனுப்புவதை விட்டு, குற்றவியல் சாராத அபராதம் ஒன்றை விதித்து அனுப்பிவிட்டால் போதும் என்னும் கருத்து பல நாடுகளில் சட்டமாகியுள்ளது. நம் நாட்டிலும் பேசப்பட்டு வருகிறது. 2021 அக்டோபரில், சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றவியல் வரம்பிலிருந்து நீக்கி, அத்தகையோரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம் என நடுவணரசின் சமூகநீதி அமைச்சகம் வருவாய்த் துறைக்குப் பரிந்துரைத்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், சட்ட வாசகத்தில் இருந்த ஓர் எண் பிழையைச் சரிசெய்ததோடு நின்றுவிட்டது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

இதைக் குறித்துத் திருச்சபை என்ன சொல்லும்? நம் ஆயர் கூட்டங்களில் இரண்டு விடைகள் கேட்கப்படுகின்றன. போதைக்குக் கதவைத் திறந்துவிடும் எந்தத் திருத்தத்தையும் எதிர்க்க வேண்டும் என்பது ஒன்று. சிறை கொடியது, அபராதம் இரக்கமுள்ளது, ஆகவே அபராதத்தை வரவேற்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் அவசரத்தில் பிறந்தவை என்பது நம் கருத்து. சிறையை நீக்குவது நீதியே. ஆனால் சிறை இருந்த இடத்தில் அபராதத்தை மட்டும் வைப்பது நீதியாகாது. இவ்விரண்டையும் காட்பாடி, வேலூர், ஆம்பூர் வட்டாரத்து வாழ்க்கையின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சட்டம் சொல்வது

முதலில் சட்டத்தை அதன் சொற்படி அறிந்துகொள்வோம். போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் கஞ்சா என்பது செடியின் பூங்கொத்தையும் காய்க்கும் நுனியையும் என வரையறுக்கிறது; தனித்திருக்கும் இலையையும் விதையையும் விலக்கி வைக்கிறது. ஆகவேதான் வடநாட்டில் சில மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற கடையிலே பாங்கு விற்கப்படுகிறது. அதே செடியின் பூவை வைத்திருப்பவன் சிறைக்குப் போகிறான்.

2001-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் தண்டனை அளவைப் பொறுத்தது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறிய அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். புகைத்தது மட்டும் நிரூபிக்கப்பட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அபராதம் மட்டும் விதித்து அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இன்றைக்கே இருக்கிறது. அப்படியானால் குற்றவியல் சாராத அபராதத்தால் விளையும் மாறுதல் என்ன? இச்சட்டத்தின் கீழ் வரும் ஒவ்வொரு குற்றமும், அளவு எவ்வளவு சிறியதாயினும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது. முதல் தகவல் அறிக்கை எழுதப்படும், நீதிமன்றக் காவல் நேரலாம், வழக்கு நடக்கும், கடைசியில் 2,000 ரூபாய் அபராதத்தோடு முடிந்தாலும், தண்டிக்கப்பட்டவன் என்னும் பதிவு நிற்கும். திருத்தம் கோருவோர் நீக்க விரும்புவது இந்தக் கைதையும் இந்தப் பதிவையுமே. ஆகவே விவாதம் சிறைக்கும் பணத்துக்கும் இடையே என்று எண்ணுவது தவறு. ஒருவனுடைய பெயரின்மேல் எழுதப்படும் எழுத்தைப் பற்றியது அது.

அந்த எழுத்தின் பாரம் நம் வட்டாரத்தில் சிறியதன்று. வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக இளைஞர் இராணுவத்தில் சேர்கின்றனர். காவல் துறை, இரயில்வே, அரசு அலுவலகம் எதுவாயினும் காவல் நிலையத்தின் சான்று கேட்கப்படும். வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டு வேண்டுவோருக்கும் அதுவே. தோல் பதனிடும் தொழிலிலே ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் ஒரு குடும்பம், தன் மகனையாவது சுண்ணாம்புக் குழியிலிருந்து கரையேற்ற நம்பியிருக்கும் வழி இவற்றில் ஒன்றே. பத்தொன்பது வயதில் அவன் சட்டைப்பையில் அகப்பட்ட ஒரு பொட்டலம் அந்த வழியை அடைத்துவிடலாம்.

2. பழைய ஆணையம் ஒன்று

கஞ்சாவைப் பற்றிய விவாதம் புதியதன்று. 1893 மார்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வங்காளத்துக் கஞ்சாவைப் பற்றி வினா எழுப்பப்பட்டது. அதன் விளைவாக டபிள்யூ. மாக்வொர்த் யங் என்பவர் தலைமையில் இந்தியச் சணல் மருந்துகள் ஆணையம் அமைந்தது. அதன் உறுப்பினருள் ஒருவர் கபுர்த்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்த குன்வர் ஹர்னாம் சிங். கிறிஸ்தவ விசுவாசத்தைத் தழுவியவர். பிற்காலத்தில் நாட்டின் சுகாதார அமைச்சராயிருந்த ராஜ்குமாரி அம்ரித் கௌரின் தந்தையார். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அவ்வாணையம் 1894-இல் அறிக்கை தந்தது. அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கில்லை, மிதமிஞ்சிய பயன்பாடு தீங்கானது, முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்துவதே தக்கது என்பது அதன் முடிவு.

இவ்வறிக்கையை இன்று கஞ்சாவின் ஆதரவாளர் விரும்பி எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் அதில் நமக்குப் பயன்படும் பகுதி வேறு. கஞ்சா பைத்தியத்துக்குக் காரணம் என்பதற்கு மனநோய் இல்லங்களின் பதிவேடுகளே அக்காலத்தில் பெருஞ்சான்றாகக் காட்டப்பட்டன. ஆணையம் அப்பதிவேடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, சரியான விசாரணையின்றியே பல நோயாளிகளின் பெயருக்கு நேரே கஞ்சா எனக் காரணம் எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒருவனைப் பற்றி விசாரியாமல் எழுதிவிடுவதும், எழுதியதையே பிறகு சான்றாகக் காட்டுவதும் அன்று மட்டும் நடந்தவையல்ல. நம் பிரசங்க மேடைகளிலிருந்தும், ஒருமுறை புகைத்தவன் பைத்தியமாவான் என்றும், அவன் கொலைகாரனாவான் என்றும் சொல்லப்படுகிறது. மெய்யல்லாததைச் சொல்லி எச்சரித்தால், மெய்யானதைச் சொல்லும்போதும் இளைஞர் நம்பார்.

மெய்யானது இது: வளரும் பருவத்தில் தொடங்கி, அடிக்கடியும் வீரியம் மிகுந்ததையும் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு நோய் வரும் அபாயம் கூடுகிறது என இக்கால மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. நினைவாற்றலும் படிப்பும் கெடுகின்றன; பழக்கம் சிலரை அடிமையாக்குகிறது. ஆகவே கஞ்சா தீங்கற்றது என்னும் வாதத்தின்மேல் நாம் திருத்தத்தை ஆதரிக்கவில்லை. தீங்கு செய்யும் பொருள் என்பதும், அதை வைத்திருந்தவனைச் சிறையிலடைக்க வேண்டும் என்பதும் இரு வேறு கூற்றுகள். ஒன்று மெய்யாவதால் மற்றது தானே மெய்யாகிவிடாது.

3. இருவகை நிறுவை

நம் மாநிலத்தின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. 1937-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் மதுவோடு கஞ்சாவையும் தடைசெய்தது. முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்து, 1939-இல் நம் வடஆர்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. பின்னர் 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. மூடுவதும் திறப்பதுமாகப் பல ஆண்டுகள் சென்றன. 1983-இல் தொடங்கப்பட்ட அரசின் வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கஞ்சாவின் நிலையோ 1985-க்குப் பின் கடுமையாயிற்று.

2019-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், பாங்கையும் சேர்த்துச் சணல் வகைகளைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் பேர் எனவும் மதிப்பிட்டது. நம் சபைகளில் தாலியை அடகு வைக்கச் செய்வதும், பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவதும் பெரும்பாலும் எது என்பதை ஒவ்வோர் ஆயரும் அறிவார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, குடிவெறியில் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டவனுக்கு 24 மணிநேரம் வரை வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூகப்பணி. யாருக்கும் தொல்லை செய்யாமல் கஞ்சாப் பொட்டலம் வைத்திருந்தவனுக்கோ ஓராண்டு வரை கடுங்காவல். பையிலே இருவகை நிறுவைக்கல் வைத்திருப்பதை உபாகமம் 25-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. அக்கண்டனம் வியாபாரிக்கு மட்டுமன்று, அரசுக்கும் பொருந்தும்.

இன்னுமொரு நிறுவையும் உண்டு. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா இரயில் வழியாகத் தெற்கே வருகிறது. தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு வண்டி காட்பாடி வழியாகவே போகிறது. அவ்வண்டியில் கஞ்சா கைப்பற்றப்பட்ட செய்தி அடிக்கடி வருவதை நாம் வாசிக்கிறோம். பல வேளைகளில் இருக்கையின் கீழே கேட்பாரற்றுக் கிடந்த பைகள் என்றே அச்செய்தி முடியும். பைக்குரியவர் அகப்படுவதில்லை, அனுப்பியவர் பெயரோ தெரிவதே இல்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல் துறை தொடங்கிய கஞ்சா வேட்டையும் அதைத் தொடர்ந்தவையும் பலரைப் பிடித்தன. விற்போரைப் பிடிப்பதை நாம் குறைகூறவில்லை, அது தேவையானது. ஆனால் சட்டத்தின் கைக்கு எளிதில் அகப்படுகிறவன் கடைசிப் பொட்டலத்தை வாங்கினவனே. அவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பதும் நமக்குத் தெரியும்.

4. பத்தாயிரம் ரூபாய் என்பது எவ்வளவு?

இதுவரை சொன்னவை சிறைக்கு எதிரானவை. இனி அபராதத்தை ஆராய்வோம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கெடுத்தமை பற்றிய வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய பெருமை அத்தீர்ப்புக்கு உண்டு. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் அதிகார அமைப்பை ஏற்படுத்தவும் அது ஆணையிட்டது. அத்துடன் வடஆர்க்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் மாசு அபராதமாக அது விதித்த தொகை 10,000 ரூபாய்.

அதே எண் கஞ்சாச் சட்டத்திலும் நிற்கிறது. ஆற்றைக் கெடுத்த ஆலைக்கும் 10,000. அந்த ஆலையில் தோல் அலசும் தொழிலாளியின் மகன் பையில் சிறிதளவு கஞ்சா இருந்தால் அவனுக்கும் 10,000 வரை. நீதிமன்றத்தை நாம் குறைசொல்லவில்லை. ஆலைகள் அபராதத்தோடு தப்பிவிடவும் இல்லை. ஆயினும் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அபராதத்தின் இயல்பு விளங்குகிறது. ஓர் ஆலைக்கு அத்தொகை ஒரு நாளின் சில்லறைச் செலவு. கூலிக் குடும்பத்துக்கோ அது பல வார உழைப்பு. அல்லது வட்டிக்கடைக்குப் போகும் வழி.

நம் மொழியே இதை அறிந்திருக்கிறது. அபராதம் என்னும் சொல்லுக்குக் குற்றம் என்பதும் பொருள், குற்றத்துக்காகக் கட்டும் பணம் என்பதும் பொருள். தண்டம் என்றால் கோல், தண்டனை, கட்டும் பணம். அதையே நம் பெண்கள் வீணாய்ப் போனதற்கும் சொல்வார்கள். பணமுள்ளவனுக்கு அபராதம் ஒரு விலையாகிவிடுகிறது. அவன் கட்டிவிட்டு அடுத்த வாரமும் வாங்குவான். பணமில்லாதவனுக்கு அது தண்டத்தின் முதற்பொருளாகிய கோலாகவே இறங்குகிறது. கட்டத் தவறினால் என்ன என்று சட்டம் சொல்லாவிட்டால், அபராதம் என்பது ஏழைக்குத் தாமதித்து வரும் சிறையே.

இது ஊகமன்று. 1987-இல் தென் ஆஸ்திரேலியா மாநிலம் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பவருக்குச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, குறித்த நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கில்லை என்னும் முறையைக் கொண்டுவந்தது. அச்சீட்டுக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் சொன்னால் கஞ்சாப் பிராயச்சித்தச் சீட்டு என்றாகும். நடந்தது என்ன? சீட்டு எழுதுவது எளிதாயிருந்தமையால், முன்பு எச்சரித்து விடப்பட்டவர்களுக்கும் சீட்டு எழுதப்பட்டது; சில ஆண்டுகளுக்குள் சீட்டுகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பணம் கட்டாதவர் பலர் மறுபடியும் நீதிமன்றத்துக்கு வந்து, குற்றவாளி என்னும் பதிவைப் பெற்றனர். இரக்கத்துக்கென நெய்த வலை, முன்னிலும் அதிகம் பேரைப் பிடித்தது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தின் அனுபவமும் கற்கத்தக்கது. 1973-இல் அந்நாட்டிலேயே முதலாவதாகச் சிறிதளவு கஞ்சாவுக்குச் சிறையை நீக்கி 100 டாலர் வரை அபராதத்தை வைத்தது அம்மாநிலம். 2020-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக மற்ற கொடிய போதைப்பொருள்களுக்கும் அதே முறையை விரித்தது: 100 டாலர் கட்டலாம், அல்லது உதவி எண்ணுக்குப் பேசி உடல்நலப் பரிசோதனைக்கு இசையலாம். பேசினவர் மிகச் சிலரே. சிகிச்சைக்கான நிதியும் நிலையங்களும் வந்து சேரத் தாமதமாயின. தெருக்களில் போதைப் பயன்பாடு வெளிப்படையானதைக் கண்டு மக்கள் மனம் மாறினர். 2024-இல் சட்டமன்றமே அதைத் திருப்பிவிட்டது.

போர்ச்சுக்கல் 2001-இல் வேறு வழியில் நடந்தது. பத்து நாள் தேவைக்கு மேற்படாத அளவு வைத்திருப்பவர் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அல்ல, சட்டம், மருத்துவம், சமூகநலம் அறிந்தவர்கள் அடங்கிய சிறு குழுவின் முன் அழைக்கப்படுகிறார். பழக்கத்துக்கு அடிமையானவருக்கு அக்குழு பணத்தண்டம் விதிப்பதில்லை. அவரைச் சிகிச்சைக்கு வழிநடத்துகிறது. ஆரிகனில் ஒரு சீட்டும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. போர்ச்சுக்கலில் எதிரே மனிதர் அமர்ந்திருந்தனர். இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

5. திருமறையின் அளவுகோல்

லேவியராகமம் 5-ஆம் அதிகாரத்தை நாம் பலிமுறைகளின் பட்டியல் என்று கடந்துவிடுகிறோம். குற்றம் செய்தவன் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவர வேண்டும்; அதற்கு வசதியில்லாவிட்டால் இரண்டு புறாக்கள்; அதற்கும் வசதியில்லாவிட்டால் ஒரு சிறு அளவு மாவு. மூவருக்கும் கிடைப்பது ஒரே மன்னிப்பு. மாவு கொண்டுவந்தவனுக்கு அரைகுறை மன்னிப்பு என்று அங்கே இல்லை. குற்றத்தின் பரிகாரம் ஏழையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கக் கூடாது என்பது இஸ்ரவேலின் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பின்லாந்து 1921 முதல் அபராதத்தை ஒருவருடைய வருமானத்துக்குத் தக்கபடி கணக்கிட்டு வருகிறது. சட்ட அறிஞர் புதுமை என்று வியக்கும் இதனை ஆசரிப்புக் கூடாரத்து ஆசாரியன் அறிந்திருந்தான்.

புதிய ஏற்பாட்டிலே கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்துமாறு பவுல் சொல்கிறார். அவர் கையாளும் கிரேக்கச் சொல், மாற்கு முதலாம் அதிகாரத்தில் செபதேயுவின் குமாரர் தங்கள் வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. கிழிந்த வலையை மீனவன் எறிவதுமில்லை; கிழிசலுக்கு விலை குறித்து வைத்துவிட்டுப் போவதுமில்லை. மடியில் வைத்துக்கொண்டு கண்ணி கண்ணியாய் முடிகிறான். அதற்கு நேரமும் பொறுமையும் கையும் வேண்டும்.

6. எதிர்ப்போர் சொல்வது

திருத்தத்தை எதிர்ப்போரின் இரண்டு நியாயங்களை நாம் மதிக்கிறோம்.

முதலாவது, 1 கிலோ என்பது சொந்தப் பயன்பாட்டு அளவன்று என்பது. இது சரியான குறை. பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்பவனும் 1 கிலோவுக்குக் குறைவாகவே கையில் வைத்திருப்பான். 1985-இன் மூலச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கென வைத்திருந்ததைத் தனியே பிரித்திருந்தது. 2001-க்குப் பின் எடை ஒன்றே பேசுகிறது. ஆகவே சிறிய அளவு முழுவதையும் குற்றவியல் வரம்பிலிருந்து நீக்குவது விற்பவனுக்குக் குடை பிடிப்பதாகும். சொந்தப் பயன்பாட்டுக்கென மிகக் குறைந்த ஓர் அளவைத் தனியே வரையறுத்து, சிறுவருக்கு விற்பதையும் சிறுவரைக் கொண்டு விற்பதையும் இப்போதுள்ளபடியே கடுங்குற்றமாக வைத்திருப்பதே தக்கது.

இரண்டாவது, சட்டத்தின் அச்சம் நீங்கினால் இளைஞர் துணிவர் என்பது. அச்சத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சம் செய்கிற மற்றொரு வேலையையும் பார்க்க வேண்டும். மகனுடைய பழக்கத்தைக் கண்டுகொண்ட தாய் அதை ஆயரிடமும் மருத்துவரிடமும் சொல்லாமல் மறைப்பது இந்த அச்சத்தாலேயே. மகளின் திருமண ஓலை சபையில் வாசிக்கப்படும் வேளையில் மகன் பெயர் காவல் நிலையத்தில் இருப்பது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவள் கலங்குகிறாள். பாகாயத்து மனநல மையம் சில கல் தொலைவில் இருந்தும், அங்கே போகும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. குணமாக்கும் கைகளிடமிருந்து நோயாளியை ஒளித்துவைக்கும் அச்சம் நல்ல காவலன் அல்ல.

7. பிணையாளியாகிய திருச்சபை

சட்டம் திருந்தும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள சட்டத்திலேயே இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. அவற்றை ஆயர்மார் அறிந்திருத்தல் வேண்டும்.

பிரிவு 64-அ: சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், தாமே முன்வந்து அரசின் அல்லது அரசு ஏற்பு பெற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரிவு 39: அத்தகையவர் குற்றவாளி எனத் தீர்ப்பான பின்பும், நீதிமன்றம் அவருடைய வயதையும் நடத்தையையும் உடல், மன நிலையையும் எண்ணிப் பார்த்து, அவர் சம்மதத்தோடு, சிறைக்கு அனுப்பாமல் பிணைமுறியின்பேரில் சிகிச்சைக்கு விடுவிக்கலாம்.

இக்கதவுகளின் வழியே ஒருவன் செல்ல வேண்டுமானால் அவனுக்கு யாராவது துணை நிற்க வேண்டும். நல்ல வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இவை தெரியும். பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ கூலிக்குப் போகும் குடும்பத்துக்குத் தெரியாது. பிணை கொடுக்கச் சொத்துள்ள உறவினரும் இருக்கமாட்டார்.

பிணை என்னும் சொல் நமக்கு அந்நியமானதன்று. ஆதியாகமம் 43-ஆம் அதிகாரத்தில் யூதா தன் தம்பி பென்யமீனுக்காகத் தகப்பனிடம் தன்னையே பிணையாக்குகிறான். அடுத்த அதிகாரத்தில் பாத்திரம் தம்பியின் சாக்கில் அகப்பட்டபோது, அவனுக்குப் பதிலாகத் தான் அடிமையாயிருக்க முன்வருகிறான். சிறையிலிருந்து பிலேமோனுக்கு எழுதும் பவுல், ஒநேசிமு பட்ட கடனைத் தன் கணக்கில் எழுதச் சொல்கிறார். எபிரெய நிருபத்தின் 7-ஆம் அதிகாரம் நம் ஆண்டவரையே மேலான உடன்படிக்கையின் பிணையாளி என அழைக்கிறது. நீதிமொழிகள் பிணைப்படுவதை எச்சரிக்கிறதே என்று நம் மாணாக்கர் கேட்பர்; கேட்க வேண்டும். அந்நியனுடைய வியாபாரக் கடனுக்காக ஆராயாமல் கையடிப்பதையே ஞானி தடுக்கிறான். சகோதரனுடைய உயிருக்காக ஆராய்ந்து பிணை நிற்பது வேறு. ஞானியின் எச்சரிப்பு நமக்குக் கற்பிப்பது, பிணை நிற்பதன் விலையை அறிந்து நிற்க வேண்டும் என்பதே. அவன் மறுபடியும் விழலாம், பிணைத்தொகை போகலாம், சபையார் முறுமுறுக்கலாம்.

இவற்றின் அடிப்படையில் சில செயல்களை நம் குருசேகரங்களின் முன் வைக்கிறோம். ஒவ்வொரு சபையும் இளைஞரைத் திருவிருந்திலிருந்து விலக்குவதற்கு முன், அவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றதா என்று தன்னையே கேட்கட்டும். சபை மூப்பருள் இருவர் அல்லது மூவர், வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு, இவ்விரு பிரிவுகளின் கீழ் மனுச் செய்யவும் பிணை நிற்கவும் பயிற்சி பெறட்டும். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கைப் பிணைக்கும் சிகிச்சைக்குமென ஒதுக்கலாம். வேலூர் மத்திய சிறைக்குப் பாடல் பாடச் செல்லும் நம் குழுக்கள், உள்ளே இருப்போருள் இத்தகைய வழக்கில் வந்தவர் எவர், பிணையின்றி இருப்பவர் எவர் என்று விசாரித்து வரலாம். இறையியல் கல்லூரிகளில் ஆயர்பணிப் பாடத்தோடு இச்சட்டத்தின் வாசகமும் கற்பிக்கப்பட வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய நம் கோரிக்கையும் தெளிவாயிருக்கட்டும். சொந்தப் பயன்பாட்டுக்குரிய குறைந்த அளவுக்குக் கைதும் பதிவும் நீங்க வேண்டும். அபராதம் விதித்தே தீர வேண்டுமாயின் வருமானத்துக்குத் தக்கதாயிருக்க வேண்டும். கட்ட இயலாதவருக்குச் சமூகப்பணி அல்லது சிகிச்சை மாற்றாக வேண்டும். கட்டாத காரணத்தால் எவரும் சிறைக்குப் போகலாகாது. அடிமைப்பட்டவரிடம் பணம் கேட்கலாகாது. மாவட்டந்தோறும் இலவசச் சிகிச்சை நிலையம் முதலில் எழும்ப வேண்டும். சட்டம் அதன் பின்னே வரலாம், முன்னே ஓடலாகாது. இவற்றை நம் பேராயங்களும் சினடு மன்றங்களும் தீர்மானமாக்கி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பக்கூடும். ஆனால் தீர்மானம் அனுப்பும் சபை, அதற்கு முந்தின வாரத்தில் ஒரு தாயோடு நீதிமன்றப் படியேறி அவள் மகனுக்காகக் கையெழுத்திட்டிருக்குமானால், அத்தீர்மானத்துக்கு எடை இருக்கும்.